நடுங்கிக்கொண்டே திருச்சிக்கு

மனிதர்களுக்கு எண்பதில் நடுக்கம் வருவது உலக இயற்கை. நம்முடைய மோட்டார் வண்டிக்கோ தொண்ணூறில் நடுக்கம் வந்தது. வயதைச் சொல்லவில்லை, மணிக்குத் தொண்ணூறு கிலோ மீட்டர் வேகத்தைச் சொல்கிறோம். வயதைப் பார்த்தால் அதற்கு இன்னும் இருபதுகூட நிறையவில்லை. 2008-ம் வருஷத்தில் வாங்கிய வண்டி. ஜீப் ஜாதி, உயரமான உடம்பு, பின் சக்கரங்களை இயந்திரம் உருட்டும் பழைய சம்பிரதாயம். ஏழு பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறது. நம் குடும்பத்தார் ஒன்பது பேர் ஏறியதும் உண்டு.

எண்பது வரையில் வண்டி பரம சாது. எண்பத்தைந்தில் லேசாகச் சிலிர்க்கும். தொண்ணூறில் சாமி வந்ததுபோல் ஆடும். நூற்றுப் பத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். "அப்படியானால் நூற்றுப் பத்திலேயே போய்விடலாமே, அப்பா!" என்றான் நம் மூத்த குமாரன். இக்காலத்துப் பிள்ளைகளின் தர்க்கம் அப்படி.

இந்த வியாதிக்காகச் சென்னையில் மூன்று பட்டறைகள் ஏறி இறங்கினோம். முதற் பட்டறையார் முன் சக்கரங்களுக்குப் பாலன்ஸ் செய்தார். இரண்டாமவர் ஸ்டீயரிங்கைச் சேர்ந்த டை ராடு முனைகளை மாற்றினார். மூன்றாவது பட்டறை நாகரிகமானது. கண்ணாடி அறையில் காப்பி கொடுத்தார்கள். அங்கே ஷாக் அப்சார்பர்களையும், இயந்திரத்தின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு போகும் நீண்ட தண்டின் 'கிராஸ்' என்னும் மூட்டையும் மாற்றி, நான்கு சக்கரங்களுக்கும் பாலன்ஸ் செய்து அனுப்பினார்கள். மொத்தச் செலவு 27,000 ரூபாய். நடுக்கம் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. மூவரில் ஒருவராவது வண்டியைத் தொண்ணூறில் ஓட்டிப் பார்க்கவில்லை. பட்டறை இருக்கும் சந்தில் இருபதுக்கு மேல் ஓட்டினால் எருமை மாட்டின்மேல் அல்லவா மோத வேண்டும்?

நம் தாயார் மட்டும் தீபாவளியிலிருந்தே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஏண்டா, ஆட்டம் முன்னாலே இல்லை. என் காலடியிலேதான் இருக்கிறது" என்பார். பின் ஆசனத்தில் வலப்பக்கத்து ஜன்னலோரம் அவருடைய நிரந்தர ஸ்தானம். "பழைய வண்டி, அம்மா, சாலையும் சரியில்லை" என்று சொல்லி நாம் அவர் வாயை அடைத்துவிட்டோம். வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணந்தான்.

இப்படியிருக்கையில் ஸ்ரீரங்கத்தில் மாமாவுக்குச் சதாபிஷேகம் வந்தது. அண்ணாவின் சதாபிஷேகத்துக்கு அம்மா போகாமல் இருக்க முடியுமா? விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். தாம்பரம் தாண்டி, செங்கற்பட்டில் கொளவாய் ஏரியின்மேல் விடிவெள்ளியைப் பார்த்து, மணலும் புதருமாய்க் கிடந்த பாலாற்றைக் கடந்து, மதுராந்தகத்தை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. திருச்சிக்கு ஏறக்குறைய 320 கிலோ மீட்டர். நான்கு வழிச் சாலை. எண்பதைத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு போனோம். பின்னால் வந்த பஸ்களெல்லாம் நம்மை வைதுகொண்டே முந்திச் சென்றன.

விக்கிரவாண்டிக்கருகில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். பக்கத்துப் பெஞ்சியில் லாரி டிரைவர் ஒருவர் கண்ணாடி டம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். நம் வீட்டுப் பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"ஸார், ஆட்டம் ஸ்டீயரிங்கிலே தெரியுதா, ஸீட்டிலே தெரியுதா?" என்றார்.

மூன்று பட்டறைகளிலும் யாரும் கேட்காத கேள்வி! அதோடு அவர் விடவில்லை. ஆடும்போது கிளட்சை அழுத்திப் பார்த்தீர்களா? அழுத்தினால் இயந்திரம் வேறு, சக்கரம் வேறாகிவிடும். அப்போதும் ஆட்டம் நிற்காவிட்டால் இயந்திரத்தின்மேல் குற்றமில்லை. மெதுவாகப் பிரேக்கை அழுத்திப் பார்த்தீர்களா? ஆட்டம் கூடினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். கைக்குத் தெரிந்தால் முன் சக்கரம். இருக்கைக்குத் தெரிந்தால் பின்பக்கம். உதறலை எண்ண முடியும்போல் இருந்தால் டயர். எண்ண முடியாத ரீங்காரமானால் தண்டு.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் வண்டிச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் உருளும். தொண்ணூறு கிலோ மீட்டர் வேகமென்றால் விநாடிக்கு 25 மீட்டர். ஆகவே சக்கரம் விநாடிக்குப் பதினொரு தடவை சுற்றுகிறது. தண்டோ அதைப்போல் சுமார் நான்கு மடங்கு, நாற்பதுக்கு மேல். முன்னது உதறல், பின்னது வண்டின் முரல்வு. படிக்காத மனிதர் என்று நாம் யாரையாவது சொல்லும்போது சற்று யோசித்துச் சொல்லவேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. சக்கர விளிம்பில் ஒரு பக்கம் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் மூன்று கிலோ பாரம்போல் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. வேகம் பாதியானால் இழுப்பு கால் பங்காகிவிடும். அப்படியானால் நூற்றுப் பத்தில் அதிகமாக அல்லவா ஆட வேண்டும்? இங்கேதான் ஊஞ்சல் நியாயம் வருகிறது. ஊஞ்சலை அதனுடைய தாளத்துக்குத் தள்ளினால் உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் போகாது. அச்சும் சக்கரமும் சேர்ந்து ஸ்பிரிங்கின்மேல் குதிப்பதற்கு ஒரு சொந்தத் தாளம் உண்டு. தொண்ணூறில் இரண்டு தாளமும் ஒத்துப்போகின்றன. நூற்றுப் பத்தில் வியாதி தீரவில்லை. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

விழுப்புரத்தைத் தாண்டி, தென்பெண்ணைப் பாலம் கடந்து, சாலை வெறிச்சென்றிருந்த இடத்தில் வேகத்தைத் தொண்ணூறுக்கு ஏற்றினோம். ஸ்டீயரிங் சும்மா இருந்தது. கிளட்சை அழுத்தினோம், ஆட்டம் குறையவில்லை. பிரேக்கை வருடினோம், கூடவில்லை. "அம்மா, எங்கே ஆடுகிறது?" என்று முதன்முறையாகக் கேட்டோம்.

"வலது காலுக்குக் கீழே. தீபாவளியிலிருந்து சொல்கிறேன்" என்றார் அம்மா.

உளுந்தூர்ப்பேட்டையில் சாலையோரம் ஒரு பஞ்சர்க் கடை. வாசலில் டயர்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தது. கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். வலது பின் சக்கரத்தின் முன் குந்தினார். முதலில் அவர் பார்த்தது டயரை அல்ல, இரும்பு விளிம்பை. அதில் ஒட்டியிருந்த பாலன்ஸ் எடைகளை விரலால் எண்ணினார். "120 கிராம்! இவ்வளவு எடை கேட்கிற சக்கரத்தை என்ன ஏதென்று பார்க்காமல் ஒட்டி அனுப்பியிருக்கிறார்களே?" என்றார். பிறகு மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டக்கொடுத்து, ஜாக்கியை ஏற்றி, கியரை நியூட்ரலில் வைக்கச் சொன்னார். சாக்குக் கட்டி ஒன்றை ஒரு செங்கல்லின்மேல் ஊன்றி, டயருக்கு மயிரிழை தூரத்தில் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில்தான் சாக்குக் கட்டி உராய்ந்தது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை விழுந்தது.

"இப்படிக் கையை வையுங்கள், ஸார்."

வைத்தோம். அப்பளம் பொரியும்போது கிளம்பும் கொப்புளம்போல் டயரின் முகம் அவ்விடத்தில் எழும்பி நின்றது. ரப்பருக்குள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகள் ஒன்றைவிட்டொன்று பிரிந்துவிட்டன. வயதினாலும் சூட்டினாலும் காற்றுக் குறைவினாலும் இப்படி நேர்வதுண்டு. எடையைச் சரிக்கட்டலாம், உருண்டையாக இல்லாததை எடை ஒட்டி உருண்டையாக்க முடியுமா? பிரிந்த பட்டை வேகத்தில் உரிந்து வரும், டயர் வெடிக்கும்.

கடைக்காரர் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். "பாட்டியம்மா இதற்கு மேலேயா உட்கார்ந்து வந்தார்கள்?" என்றார். நமக்கு வாயில் வார்த்தை எழவில்லை. நம் இல்லாள் மட்டும் குழந்தைகளை இறங்கச் சொல்லி, புளிய மர நிழலுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

நம் அளவில் புது டயர் அங்கே கிடைக்கவில்லை. ஸ்டெப்னியைக் கழற்றினார். (வேல்ஸ் நாட்டு லானெல்லியில், ஸ்டெப்னி என்னும் தெருவில், 1904-ல் செய்த மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது, தெருவின் பெயரை நாம் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறோம்.) அதன் பக்கவாட்டில் 3412 என்ற நான்கு எண்கள் இருந்தன. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்: 2012-ல் முப்பத்து நான்காவது வாரம் பிறந்த டயர்! "அறுபதைத் தாண்டாதீர்கள். திருச்சி போனதும் இரண்டையும் மாற்றிவிடுங்கள்" என்று உத்தரவிட்டார். அவர் வாங்கிக்கொண்ட கூலி இருநூறு ரூபாய்.

அறுபதில் போனால் ஊர் தெரிகிறது. பெரம்பலூர்ப் பக்கத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்தன. அங்கேதான் சாத்தனூரில், கல்லாய்ப் போன 18 மீட்டர் நீள மரம் ஒன்று கிடக்கிறது. 1940-ல் பூகர்ப்ப சாஸ்திரி டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, வயது சுமார் 12 கோடி வருஷம். அவ்வளவு காலம் காத்திருந்தது இன்னும் சில நாள் காத்திருக்கும் என்று விட்டுவிட்டோம். சமயபுரம் தாண்டி, 1987-ல் முற்றுப்பெற்ற 236 அடி ராஜகோபுரம் தென்னைகளுக்கு மேல் தெரிந்ததும் அம்மா கை கூப்பினார்.

சதாபிஷேகம் நன்கு நடந்தது. மறுநாள் திருச்சியில் இரண்டு புது டயர் போட்டு ஓட்டினால், உதறல் போய், அதற்கடியில் ஒளிந்திருந்த ரீங்காரம் வெளிப்பட்டது! இந்தத் தடவை நாம் கேள்வி கேட்கக் கற்றிருந்தோம். எண்ண முடியாத முரல்வு; ஆகவே தண்டு. உள்ளூர்ப் பட்டறைக்காரர் அடியில் படுத்துப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் சொன்னார்: கிராஸ் மாற்றியவர்கள் தண்டின் இரு துண்டுகளையும் பழைய அடையாளத்துக்கு நேராகப் பொருத்தவில்லை. அந்த மூட்டுக்கு இங்கிலீஷ் விஞ்ஞானி ஹூக்கின் பெயர் உண்டு, பதினேழாம் நூற்றாண்டுக்காரர். கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் அது இரு தடவை முந்தும், இரு தடவை பிந்தும். இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேரில் இருந்தால் ஒன்றின் பிழையை மற்றது தீர்த்துவிடும். இல்லாவிட்டால் பிழை இரட்டிக்கும். கழற்றித் திருப்பிப் போட்டார். புதுச் சாமான் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது அம்மா தம் பழைய ஸ்தானத்திலேயே உட்கார்ந்தார். தொண்ணூறில் வந்தோம். உளுந்தூர்ப்பேட்டையில் அந்தக் கடைக்கு முன் நிறுத்தி, மாமா வீட்டு லட்டு ஒரு பொட்டலம் கொடுத்தோம். அம்மா விழிக்கவில்லை. திண்டிவனம் தாண்டியபின் கண்ணைத் திறந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"வண்டியை ஏண்டா நிறுத்திவிட்டாய்?" என்றார்.