பெயரில்லாத போத்தல்

சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வது என் சிறுவயதுப் பழக்கம். பெண்பார்க்க வந்த மாமி ஒருவர், "பிள்ளைக்குப் பல்லில் என்ன?" என்று கேட்டபோது, உம்மா பதில் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டார். மஞ்சளும் மண்நிறமுமான அந்தக் கோடுகளை எந்தப் பற்பொடியாலும் போக்க முடியவில்லை.

பின்னாளில் கண்டியில் ஒரு பல் டொக்டர் கோடுகளைப் பார்த்ததுமே, "சின்ன வயதில் டெட்ராசைக்கிளின் குடித்திருப்பீர்கள்" என்றார். 1960களின் கடைசி அது. எனக்கு அடிக்கடி நெஞ்சுச்சளி. ஊர் டிஸ்பென்சரியில் தரும் போத்தலில் மருந்தின் பெயர் இருக்காது. அளவு காட்டும் கடதாசித் துண்டு மட்டும் ஒட்டியிருக்கும். உம்மாவை எப்படிக் குறை சொல்வது?

நல்ல மருந்துதான் அது. பக்டீரியாவும் புரதம் செய்துதான் வாழ்கிறது. அதைச் செய்யும் இடம் ரைபோசோம். நமக்கும் ரைபோசோம் உண்டு, அமைப்புத்தான் வேறு. டெட்ராசைக்கிளின் கிருமியின் ரைபோசோமில் உட்கார்ந்து, அமினோ அமிலங்கள் வந்து சேரும் வழியை மறித்துவிடும். கல் வராவிட்டால் மேசனின் வேலை நிற்பது போல, புரதம் கட்டும் வேலை நிற்கும். கிருமி பெருகாது, பெரும்பாலும் உடனே சாகவும் மாட்டாது. மிச்சத்தை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான் முடிக்க வேண்டும். எரித்ரோமைசினும் ரைபோசோமைத்தான் பிடிக்கிறது, வேறோர் இடத்தில்.

ஆனால் டெட்ராசைக்கிளினுக்குக் கல்சியத்தில் ஒட்டிக்கொள்ளும் குணம். பாலோடு குடித்தால் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமல் வீணாகும். எட்டு வயதுக்குள் குடித்தால் முரசுக்குள் உருவாகும் பல்லில் ஒட்டித் தங்கிவிடும். கர்ப்பத்தின் பிற்பாதியில் தாய் குடித்தாலும் குழந்தையின் பாற்பல்லுக்கு இதே கதிதான்.

அந்தக் காலத்தில் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதி பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தை வியாபாரப் பெயரால் அல்ல, அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று வாதாடியவர். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். 1977இல் கயானாவில் காலமானார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் அவர் இருந்த காலத்தில்தான் நான் பெயரில்லாத போத்தலைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

என் மருமகன் வயலில் இறங்குபவர். எலிக்காய்ச்சல் வராமலிருக்க அவருக்குக் கொடுத்த கெப்சூலில் சில மிஞ்சியிருந்தன. போன வருடம் நான்கு வயதுப் பேத்திக்குக் காய்ச்சல். மகள் ஒரு கெப்சூலைப் பிரித்துப் பாலில் கலக்கப் போனாள். உறையை வாங்கிப் பார்த்தேன். பேனையால் எழுதியிருந்தது: டொக்சிசைக்கிளின். அதே குடும்பம்!

"காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு மருந்து கொடுக்கவும் விடமாட்டீங்களா உம்மா?" என்று அழுதாள். நான் வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன்.

டொக்டர் பரிசோதித்து, வைரஸ் காய்ச்சல், அன்டிபயோட்டிக் வேண்டாம் என்றார். உண்ணிக்காய்ச்சல் போன்ற கடும் நோயென்றால் சிறுபிள்ளைக்கும் டொக்சிசைக்கிளினைச் சில நாட்களுக்குத் தாங்களே கொடுப்பதுண்டு, பழைய மருந்தைப் போல அது பல்லைக் கெடுப்பதில்லை, ஆனால் அதை முடிவு செய்வது குசினியில் அல்ல என்றும் சொன்னார். மகள் என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள்.