ஒழுக்கைத் தேடுகிறவர்

மூன்று நாள் அடைமழை விட்ட காலையில் கார்க் கதவைத் திறந்து கால் வைத்தேன். தரைவிரிப்பு சொதசொதவென்று உள்வாங்கியது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, கூரைத் துணியில், முன் பில்லரை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. வண்டி முழுக்க ஊறின சாக்கின் வாடை. ஐப்பசி முதல் மழைக்கே ஒழுகி, ஒரு கடையில் விட்டு, சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் அடித்து வாங்கி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

எங்கள் வீடு ஸ்ரீரங்கம் அடையவளைந்தான் வீதியில். வாசலில் ஒரு வேப்பமரம். நாலு வருஷமாக வண்டி நிற்பது அதன் நிழலில்தான். அந்த மரத்துக்கும் இந்தக் கறைக்கும் உள்ள உறவு அன்று மத்தியானம் திருச்சி பாலக்கரையில் தெரிந்தது.

காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பேருந்து நிலைய நெரிசலில் ஊர்ந்து, பாலக்கரைக்குப் போய்ச் சேரப் பதினொன்றாகிவிட்டது. வண்டிக் கண்ணாடி மாட்டுகிற பாய் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று அண்டை வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பெயர்ப் பலகை இல்லாத தகரக் கொட்டகை. சுவரோரம் சாக்கை விரித்து அதன்மேல் பழைய விண்ட்ஷீல்டுகளைப் புத்தகம் அடுக்குவதுபோலச் சாய்த்து வைத்திருந்தார்கள். பாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கூட ஒரு பையன், தங்கை மகனாம், ஐடிஐ முடித்தவன்.

நான் கதை சொல்லத் தொடங்குமுன்பே பாய் கண்ணாடி ஓரத்தை நகத்தால் நெம்பி, வந்த துண்டை விரலில் உருட்டிப் பார்த்தார்.

“சிலிக்கான் அடிச்சிருக்காங்க. அடிச்ச அன்னிக்கு வினிகர் வாடை வந்துச்சா சார்?”

வந்தது. ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல இரண்டு நாள் வீசியது.

“அது மீன்தொட்டிக்குப் போடறது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நல்லாப் பிடிக்கும். தகரத்துல பட்டா அந்தப் புளிப்பே துரு ஏத்திரும். அப்புறம் அந்த எடத்துல பெயின்ட் நிக்காது, வேற பேஸ்ட்டும் ஒட்டாது.”

அவர் சொன்னது வேதியியல்படியும் சரி. அந்த வகை சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கி இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. வினிகரின் புளிப்பும் அதே அமிலம்தான். பெயின்ட் பெயர்ந்த இரும்பு விளிம்பில் அது பட்டால் துரு பிடிக்கத் தாமதமாகாது.

அடித்ததை எடுக்கவே ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பிளேடைச் சாய்த்துப் பிடித்து, பெயின்ட்டில் கீறல் விழாமல் விரற்கடை விரற்கடையாக அறுத்தார். மூலைகளில் பிளேடை வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஆப்பை எடுத்தார். ஐந்து நிமிஷத்தில் அடித்த பசை அது. எடுக்கிற கைக்குத்தான் அதன் கனம் தெரியும்.

கண்ணாடி திறந்ததும் பாய் கேட்டது சீலன்ட் அல்ல. “ஒரு சொம்புல தண்ணி கொண்டாடா.”

கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் தண்ணீரை முழுக்கத் தடுக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலோர் அப்படித்தான் நினைப்பார்கள். அது பெருமளவு தண்ணீரைத் தடுத்தால் போதும் என்றுதான் சன்ரூஃபை வடிவமைத்திருக்கிறார்கள். மீதி உள்ளே இறங்கும், இறங்கத்தான் வேண்டும். கண்ணாடிக்குக் கீழே சட்டத்தைச் சுற்றிலும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் நாலு மூலையிலும் துளை. ஒவ்வொரு துளையிலிருந்தும் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய் பில்லருக்குள் இறங்குகிறது. முன்னால் உள்ள இரண்டும் கதவுக் கீல் பக்கம் வெளியே வரும், பின்னால் உள்ளவை பின் சக்கரத்துக்குப் பின்னால். வீட்டு மொட்டைமாடிக்குத் தூம்பு எப்படியோ, வண்டிக் கூரைக்கு இவை அப்படி.

பையன் வண்டிக்கடியில் குனிந்துகொண்டான். பாய் சொம்பிலிருந்து ஒரு மூலையில் மெல்ல ஊற்றினார்.

“வருது மாமா.”

அடுத்த மூலை. “வருது.” மூன்றாவதும் வந்தது. ஓட்டுநர் பக்க முன்மூலையில் ஊற்றியபோது கீழேயிருந்து சத்தமே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் அசையாமல் நின்றது, பிறகு மெல்ல ஏறியது, விளிம்பைத் தொட்டதும் கூரைத் துணிக்குள் வழிந்து மறைந்தது. பழுப்புக் கறை என் கண் முன்னாலேயே இன்னும் அரை விரல் அகலம் வளர்ந்தது.

சட்டைப் பையிலிருந்து மீன் பிடிக்கிற தங்கூஸ் நரம்பை எடுத்தார் பாய். கனமான நரம்பு, முனையைத் தீயில் காட்டி உருண்டையாக்கி வைத்திருந்தார், குழாயைக் குத்திக் கிழிக்காமலிருக்க. துளையில் விட்டு, சுழற்றி, இழுத்து, மறுபடி விட்டார். ஏர் அடித்தால் சுலபமாக இருக்குமே என்றேன்.

“வேகமா ஏர் அடிச்சா அடைப்பு போகுதோ இல்லையோ, குழாய் மூக்குலேர்ந்து கழண்டுக்கும். அப்புறம் பில்லர் மூடிய பிரிக்கணும். அந்த ஓரத்துல ஏர்பேக் இருக்கு. அதுல விளையாடக்கூடாது சார்.”

ஏழெட்டு முறை விட்டு எடுத்ததில் சிறியதாக ஒரு கரிய உருண்டை வந்தது. பாய் அதை என் உள்ளங்கையில் வைத்துப் பிட்டுக் காட்டினார். புழுதி, இலைக் காம்பு, நடுவே இன்னும் உருக் குலையாத வேப்பம்பூ. சித்திரையில் உதிர்ந்த பூ. வெயில் காலம் முழுக்க அந்தக் குழாய்க்குள் உட்கார்ந்து, புழுதியோடு பிசைந்து இறுகி, ஐப்பசிக்குக் காத்திருக்கிறது. மறுபடி ஊற்றியதும் முன் சக்கரத்தருகே தண்ணீர் நூலாக விழுந்தது. “வருது மாமா!” என்று பையன் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

என் வண்டிக்குச் சீலன்ட் ஒரு துளிகூடத் தேவைப்படவில்லை.

சன்ரூஃபின் கதை பழையது. 1937இல் அமெரிக்காவில் நாஷ் என்ற நிறுவனம் ஆலையிலேயே சன்ரூஃப் பொருத்தி விற்றது. வெயிலுக்கு ஏங்குகிற ஊர்களில் பிறந்த ஆசை இது. இன்று நம்மூரில் நடுத்தரக் குடும்பம் கார் வாங்கும்போது முதலில் கேட்பதே அதைத்தான். 2023இல் வடக்கே ஒரு மலைச்சாலையில் அருவிக்கடியில் நின்ற வண்டிக்குள் சன்ரூஃப் பக்கமிருந்து தண்ணீர் கொட்டிய காட்சியை நாடே பார்த்தது. ஆனாலும் ஆசை குறையவில்லை. வண்டி விற்பவர்கள் அந்த நாலு குழாய்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சட்டத்தைத் துடைத்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னால் போதும். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

சீலன்ட் உண்மையாகவே தேவைப்படுகிற வண்டி கொட்டகைக்கு உள்ளே நின்றது. புதுக்கோட்டையிலிருந்து வந்தது, கூரை முழுக்கக் கண்ணாடி. முன்பாதி திறக்கும், பின்பாதி நிரந்தரமாக ஒட்டியது. ஏதோ விபத்துக்குப் பிறகு யாரோ அந்தப் பின்பாதியை மாற்றி ஒட்டியதில் ஒரு பக்கம் பிடிக்கவில்லை. குழாய்களெல்லாம் சுத்தம்; தண்ணீர் ஒட்டு வழியாகவே வந்தது. பாய் அதைச் சோப்புத் தண்ணீரில் கண்டுபிடித்திருந்தார். வெளியே சோப்பு நுரையைத் தடவி, உள்ளேயிருந்து மெதுவாகக் காற்றுக் கொடுத்தால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி எழும்பும். சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் பார்க்கிற அதே முறைதான்.

இரும்புக் கம்பி ஒன்றைப் பழைய ஒட்டுக்குள் செருகி, ஒரு முனையைப் பையன் வண்டிக்குள்ளிருந்தும் மறுமுனையைப் பாய் வெளியிலிருந்தும் பிடித்துக்கொண்டார்கள். இவர் இழுக்க அவன் விட, அவன் இழுக்க இவர் விட, ரம்பம்போல அந்தக் கம்பி கண்ணாடியைச் சுற்றி வந்தது. இருவருக்கும் இடையில் பேச்சே இல்லை. கம்பி பெயின்ட்டில் உரசும்போது எழுகிற சத்தத்தைக் கேட்டுத் தாங்களாகவே கையைச் சாய்த்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் கண்ணாடி தனியே வந்தது.

ஒட்டிக்கொண்டிருந்த பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிடுவார் என்று பார்த்தேன். பிடிக்காமல் போன பக்கத்தை மட்டும் அடிவரை எடுத்தார். மற்ற இடத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் சீவி விட்டுவிட்டார். புதுப் பியூ (பாலியூரித்தேன்) பசை நன்றாகப் பிடித்திருக்கிற பழைய பியூ மேல்தான் சிறப்பாக ஒட்டும். கீறல் விழுந்து இரும்பு தெரிந்த இடங்களில் மட்டும் கறுப்புப் பிரைமரைத் தொட்டு வைத்தார். கண்ணாடி ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை இருக்குமே, அதைக் காட்டி, “இது அழகுக்குன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. வெயில் பட்டா பியூ பொடிஞ்சு போயிரும். அதுக்கு நிழல் சார் இது” என்றார்.

ட்யூபை எடுத்ததும் முதலில் தேதி பார்த்தார், பிறகு அமுக்கிப் பார்த்தார். கடை அலமாரியில் திருச்சி வெயிலில் கிடந்த ட்யூப் தேதிக்கு முன்பே உள்ளுக்குள் கட்டி தட்டியிருக்கலாமாம். மூக்கு முனையை நேராக வெட்டாமல் ஒரு பக்கம் முக்கோணமாகக் கொத்தி எடுத்தார். அப்படி வெட்டினால் பசை முக்கோண வரப்பாக எழுந்து நிற்கும். கண்ணாடி அமரும்போது நுனி நசுங்கி இரண்டு பக்கமும் சமமாகப் பரவும். பசை அடிக்கிற கன்னைப் பிடித்து ஒரே ஓட்டமாக, நடுவில் நிற்காமல் சுற்றி வந்தார். தொடங்கியது மூலையில் அல்ல, நீளப் பக்கத்தின் நடுவில். முடித்ததும் அங்கேயே. மூலையில் இணைப்பு விட்டால் முதலில் அதுதான் வாய் பிளக்கும். அந்த ஒன்றரை நிமிஷம் பாய் மூச்சு விட்டதாகவே எனக்குத் தெரியவில்லை.

பியூவும் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும், ஒரு நாளைக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு. ஐப்பசிக் காற்று அதற்குத் தோது. அன்று ராத்திரி வண்டியை அசைக்கவே கூடாது என்று உரிமையாளரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பாயின் விரல் ரேகைகள் கறுப்பேறிப் போயிருந்தன. கையுறை போட்டால் என்ன என்று கேட்டேன். “போட்டா கை பேச மாட்டேங்குது” என்றார். இறுகாத பியூவில் ஐசோசயனேட் இருக்கிறது. தோலில் பட்டுப் பட்டு, சுவாசித்துச் சுவாசித்து ஒரு கட்டத்தில் ஆஸ்துமாவில் கொண்டு விடக்கூடியது. மெல்லிய நைட்ரைல் கையுறையில் கை பேசும் என்று சொல்லிப் பார்த்தேன். பையன் கேட்டுக்கொண்டான். மறுமுறை போனபோது அவன் கையில் இருந்தது, பாய் கையில் இல்லை.

கூலி கேட்டபோது என்னிடம் எண்ணூறு ரூபாய் வாங்கினார். பேஸ்ட் போடாத வேலைக்கு இவ்வளவா என்று சண்டை பிடிக்கிறவர்கள் உண்டாம். ட்யூபின் விலையைச் சொல்லி, அதற்குமேல் ஒரு நூறு தருகிறேன் என்பார்களாம். ஒழுக்கு எங்கே என்று தேடின ஒன்றரை மணி நேரத்துக்கு எந்தக் கடையிலும் விலைப்பட்டியல் கிடையாது. பாய் விற்பது அந்தத் தேடலைத்தான். அதை மதிக்காதவர்கள்தான் என்னைப்போல முதலில் சிலிக்கானுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

ஊர் திரும்பியபோது உத்திர வீதியில் ஒரு பழைய வீட்டு மாடியில் வேலை நடந்துகொண்டிருந்தது. தேக்கு விட்டம் போட்ட மெட்ராஸ் டெரஸ். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே தட்டோடு வரும். கொத்தனார் எனக்குத் தெரிந்தவர். பாலக்கரைக் கதையைச் சொன்னேன். வேப்பம்பூவைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“எங்களுக்கும் அதேதாங்க. ஒழுகுதுன்னு கூப்பிடுவாங்க. மேல ஏறிப் பார்த்தா தூம்புல இலை அடைச்சிருக்கும். இல்லாட்டி எவனோ மேலமேல சிமென்ட்டப் பூசி வாட்டத்தையே மாத்தியிருப்பான்.”

வாட்டம். தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கிற சாய்வுக்கு நம் கொத்தனார்கள் வைத்திருக்கிற சொல். எங்கள் ஊர் ரங்கநாதர் கோயிலிலும் தண்ணீர் வடிவதில்தான் பிரச்சினை இருந்தது. 2015 குடமுழுக்குக்கு முன் நடந்த திருப்பணியில், காலப்போக்கில் சேர்ந்த இடிபாடுகளையும் பிற்காலப் பூச்சுகளையும் அகற்றி, பழைய மழைநீர் வடிகால்களை மீட்டார்கள். 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கோயிலுக்குக் கிடைத்தபோது அந்த வடிகால் மீட்பும் பாராட்டில் சேர்ந்தே வந்தது. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற நாம் அந்தத் தரையடித் தண்ணீர்ப் பாதையைக் கவனிப்பதில்லை.

நாலு நாள் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி பிடித்தது மழை. கொள்ளிடம் பக்கமிருந்து காற்றோடு வந்தது. பத்து நிமிஷத்தில் பாயிடமிருந்து போன்.

“சார், அங்க பெய்யுதா? உள்ள பாக்காதீங்க. கீழ குனிஞ்சு பாருங்க. நாலு எடத்துலயும் விழுதா?”

குடையும் டார்ச்சுமாக வாசலுக்குப் போனேன். வேப்பமரம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. முழங்காலிட்டு வண்டிக்கடியில் வெளிச்சம் அடித்தேன். முன்னால் இரண்டு நூல், பின்னால் வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கம் கொஞ்சம் தாமதித்து, சொட்டாகத் தொடங்கி, பிறகு நூலாயிற்று.

“விழுது பாய். நாலும் விழுது.”

“சரி சார். வண்டிய ரெண்டடி தள்ளி நிறுத்துங்க. சித்திரையில மறுபடி பூக்கும்.”