கத்திரி வெயிலில் குளிர்கால பூட்ஸ்

குரோம்பேட்டை ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே, நாகல்கேணியில் உள்ள ஒரு ஷூ கம்பெனிக்குள் நான் போனது மே மாதத்தில். வெளியே கத்திரி வெயில். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ரோமத் துணி வைத்த குளிர்கால பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்தார்கள். "அங்க குளிர் ஆரம்பிக்கறதுக்குள்ள கடைக்குப் போயாகணும் மேடம். ஜூலைக்குள்ள கப்பல் ஏறணும்" என்றார் சூப்பர்வைசர். மார்கழியில் வந்தால் கோடைக்கான திறந்த செருப்புகளும் பாலே ஷூக்களும் ஓடுமாம். இந்தத் தொழிலில் பருவம் எப்போதும் தலைகீழ்தான்.

பெண்கள் ஷூ என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. கூர்முனை போய்ச் சதுரமுனை வந்ததையும், ஊசிக் குதிகால் போய்க் கட்டைக் குதிகால் வந்ததையும் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றே கவனித்து வருபவள். ஆனால் 'இந்த சீசன் நிறம்' என்று நாம் கொண்டாடுவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடும் சமாச்சாரம். அந்த நிறக் கணிப்பில் அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் பங்கு உண்டு. பாரிஸில்தான் எல்லாம் பிறக்கிறது என்று நினைத்திருந்தவர்கள் கொஞ்சம் அடையாறு பக்கமும் பார்க்கலாம்.

குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரிலேயே தோல் இருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்டுவந்த சென்னையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையை ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் சோதித்துப் பார்த்தார். பிறகு இங்கே குரோம் லெதர் கம்பெனி வந்தது. ஊர் குரோம்பேட்டை ஆனது. குரோம் தோல் சூட்டைத் தாங்கும், கேட்ட சாயத்தை ஏற்கும். ஃபேஷன் ஷூவுக்கு இரண்டுமே வேண்டும். இதற்கான விலையை இந்த வட்டாரத்துக் கிணறுகள் கொடுத்தன. 1996-இல் தமிழகத் தோல் தொழிற்சாலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் அளவுக்கு மாநிலமெங்கும் கழிவுநீர்ப் பிரச்சினை முற்றியிருந்தது.

கம்பெனிக்குள் நான் அதிக நேரம் நின்றது கட்டிங் மேசை அருகில்தான். அங்கிருந்த பெரியவர் தோலை விரித்து இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்தார். முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கம். வயிற்றுப் பகுதி தொளதொள. ஷூவின் முன்பக்கத்தை முதுகுப் பகுதியிலிருந்து, விரலிலிருந்து குதிகால் நோக்கி இழுவை குறைவாக இருக்கும்படி வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் ஷூ சில மாதங்களில் நீண்டு உருக்குலைந்துவிடும். இடது, வலது இரண்டையும் தோலில் பக்கத்துப் பக்கத்திலேயே வெட்டுகிறார், நிறமும் ரேகையும் பொருந்துவதற்காக. ஈக்கடித் தழும்பு, முள் கீறல் எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து ஸ்கைவிங். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது. இது சரியாக நடக்காவிட்டால் மடித்த இடம் தடித்து, கால் விரலை அறுக்கும். விலை உயர்ந்த ஷூவையும் மலிவு ஷூவையும் பிரிப்பது மேலே ஒட்டிய பக்கிளைவிட இந்த ஓரம்தான் என்பது என் கருத்து. தையல் மெஷினில் இருந்த ஒரு அக்காவிடம், எதைத் தைப்பது கஷ்டம் என்று கேட்டேன். "கறுப்புல கறுப்பு நூல்தான் மேடம். கண்ணு போயிடும்" என்றார் தலையை நிமிர்த்தாமல்.

கடைசியில் லாஸ்ட் அறை. லாஸ்ட் என்பது காலின் வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் அச்சு; அதன்மேல் மேல்தோலை இழுத்து, சூடு கொடுத்து, அடியில் ஒட்டுவதுதான் லாஸ்டிங். மூன்று அங்குலக் குதிகாலுக்குச் செய்த லாஸ்டில் இரண்டு அங்குலக் குதிகாலைப் பொருத்த முடியாது. பாதத்தின் வளைவே மாறிவிடும் என்பதால் ஒவ்வொரு உயரத்துக்கும் தனி அச்சு. அலமாரி முழுக்க அடுக்கியிருந்தவை எல்லாம் ஐரோப்பியக் காலுக்கானவை. குறுகலானவை.

அப்போதுதான் என் சுண்டுவிரல் காய்ப்புக்குக் காரணம் புரிந்தது. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தினர் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தார்கள். நம்முடைய பாதம் ஐரோப்பியர்களுடையதைவிட அகலம் என்று அந்த ஆய்வு சொன்னது. ஷூவில் அகலம் போதாததால், பெண்கள் நாம் ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறோம். குதிகால் கழன்று கழன்று வருகிறது, விரல்கள் மட்டும் நெரிபடுகின்றன. இந்தியப் பாதத்துக்கென்று தனி அளவு முறையையும் 'பா' என்ற பெயரில் அவர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள்.

இத்தனை கைத்திறன் தாம்பரம், பல்லாவரம் பக்கம் இருந்தும், உள்ளூர்ப் பெண்ணின் காலுக்கு அழகான ஷூ ஒன்றை உள்ளூர் அச்சில் கேட்டு வாங்க நமக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை கடைக்குப் போனால் குதிகால் உயரத்தைக் கேட்பதற்கு முன், இது எந்த அகல லாஸ்டில் செய்தது என்று கேளுங்கள். விற்பனையாளர் விழிப்பார். விழிக்கட்டும், பத்துப் பேர் கேட்டால் கம்பெனிக்குத் தகவல் போகும்.