தண்ணீரில் மிதக்கும் கார்பன்

மியூனிக்குக்கு வடக்கே கார்ஷிங்கில் இருந்த டேண்டம் முடுக்கி மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதற்கு இலக்குத் தகடுகள் செய்து தரும் கூடத்தைப் பார்க்கக் கிடைத்தது.

கண்ணாடிச் சில்லின் மேல் சோப்புப் பூச்சு. அதற்கு மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவிட்ட கார்பன். இலக்கு செய்யும் அம்மையார் சில்லைச் சாய்த்துத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினார். சோப்பு கரையக் கரைய, ஆறிய பாலின் ஏடு போல கார்பன் பிரிந்து மிதந்தது. சதுர சென்டிமீட்டருக்கு 30 மைக்ரோகிராம்தான். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆறாயிரத்தில் ஒரு பங்கு. அடியிலிருந்து அலுமினியச் சட்டத்தை உயர்த்தி அதை ஏந்தி எடுத்தார்.

"கிழிந்துவிட்டால்?" என்றேன்.

"கிழியும். அடுத்த சில்லை எடுப்பேன்."

இந்த ஏட்டின் மேல்தான் யுரேனியம் படியும். அந்தப் படிவு தடித்துப் போனால், முடுக்கியின் டியூட்டிரான் கற்றை மோதி வெளியேறும் புரோட்டான்கள் உள்ளேயே ஆற்றலை இழந்து அளவு குழம்பும். மெலிந்து போனால், மோதுவதற்குப் போதிய அணுக்கருக்கள் இருக்காது.

இத்தனை பாடும் எதற்காக? வடிவ ஐசோமர் என்ற விசித்திர அணுக்கரு நிலைக்காக. 1962-இல் துப்னாவில் பொலிக்கானோவ் குழுவினர், அமெரிசியம்-242 வெறும் 14 மில்லி விநாடி அரை ஆயுளில் தானாகப் பிளவுபடுவதைக் கண்டார்கள். அப்படி நடக்கக் காரணமே தெரியவில்லை. பிளவுக்குத் தடையாக நிற்பது ஒரு மேடு அல்ல, இரண்டு என்று 1967-இல் ஸ்ட்ருட்டின்ஸ்கி கணக்கிட்டுக் காட்டினார். நடுப்பள்ளத்தில் தங்கும் அணுக்கரு, அகலத்தைப் போல இருமடங்கு நீளத்துக்கு இழுபட்டிருக்கும். வடிவ ஐசோமர் என்பது இதுதான். புளூட்டோனியம்-240-இல் அந்த நீட்சியைச் சுழற்சி நிலைகள் வழியாக 1972-இல் உறுதி செய்தது மியூனிக்கின் ஷ்பெக்ட் குழு.

யுரேனியம்-238 எனக்கு இன்னும் பிடித்தது. புளூட்டோனியத்தில் பள்ளத்திலிருக்கும் கரு பெரும்பாலும் வெளிமேட்டைத் தாண்டிப் பிளந்துவிடும். இங்கே பெரும்பாலும் உள்மேட்டைக் கடந்து பழைய வடிவத்துக்கே திரும்பி, காமாக் கதிரை உமிழ்கிறது. ஐசோமரின் ஆற்றல் 2.56 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அரை ஆயுள் சுமார் 300 நானோ விநாடி. சுழற்சி எண் சுழியத்திலிருந்து சுழியத்துக்கு ஒற்றைக் காமாவால் இறங்க முடியாது. ஆகவே தரைநிலைக்கு 45 கிலோ எலக்ட்ரான் வோல்ட் மேலுள்ள படியில் கால் வைக்கிறது. ரூஸோ, பெடர்சன், வாண்டன்போஷ் ஆகியோர் 1975-இல் வெளியிட்ட 2514 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு அந்த இறக்கத்துடையது.

அதைப் பிடிக்க வேண்டிய ஜெர்மேனியப் படிகங்களைப் பார்த்துக்கொள்வது இன்னொரு தொழில். திரவ நைட்ரஜன் ஊற்றி அவற்றை மைனஸ் 196 டிகிரிக்கு அருகில் வைத்திருக்க வேண்டும். நியூட்ரான் அடிபட்டுப் பழுதானால் வெற்றிடத்தில் சூடேற்றிச் சீராக்க வேண்டும். டியூட்டிரான் கற்றையைத் துடிப்புகளாக விட்டு, மோதலின் முதல் பளிச்சிடலைத் தள்ளிவிட்டு, பின்னால் சொட்டுவதை மட்டும் எண்ணுவார்கள். பல்லாயிரம் கதிர்களுக்கு நடுவே ஐசோமருடையது மிகச் சில. போதாததற்குச் சுவர்க் கான்கிரீட்டில் உள்ள தோரியத்தின் வழித்தோன்றல் 2614-இல் ஓயாமல் கோடு போடும். நல்ல கருவியாளர் அந்த வேண்டாத கோட்டையே தன் அளவுகோலைச் சரிபார்க்கப் பயன்படுத்திக்கொள்வார்.

இலக்கு செய்வோருக்கு ஒரு பன்னாட்டுச் சங்கமே இருக்கிறது. ஆனாலும் ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் பெயர் பெரும்பாலும் கடைசிப் பத்தியின் நன்றியில்தான் வரும். அந்த ஏட்டை ஏந்திய கைகளைப் பார்த்த எனக்கு அது போதாது என்றே படுகிறது. ஆசிரியர் வரிசையில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.