இறுகிய கம்பி

நமது கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பௌதிகம் பயிற்றிய ஒருவன், உராய்வு இன்னதென்பதைத் தன் வீட்டு வாயிலில் நின்ற மோட்டார் வண்டியிடம் கற்றுக்கொள்ள நேர்ந்தது என்றால், என்னிடம் பயின்றோர் நகைப்பர். நகைக்கட்டும். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதுகின்றேன்.

எம் வண்டி 1999-ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி 800. 796 கன சென்டிமீட்டர் எஞ்சினும் மூன்று சிலிண்டர்களும் உடைய அச்சிறு வண்டி, 1983-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டுச் சாலைகளில் இறங்கிற்று. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றது. நாகர்கோவிலுக்குத் தெற்கே, கடலோசை கேட்கும் தொலைவில் எம் இல்லம் உள்ளது. உப்புக்காற்று அங்கே ஆணி முதல் அண்டா வரை ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. இதனை அறிந்திருந்தும், எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றினேன், டயர் மாற்றினேன், பாட்டரி மாற்றினேன்; பானெட்டைத் திறக்கும் கம்பிக்கு மட்டும் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டறியேன். குற்றம் வண்டியைச் செய்தவர்மேல் இல்லை, என்மேலதே.

அக்கம்பி ஒருநாளில் இறுகிவிடவில்லை. ஓட்டுபவர் முழங்காலுக்கு அருகிலுள்ள கைப்பிடியை இழுத்தால், வண்டியின் முகப்பில் உள்ள கொண்டி விலகி, பானெட் விரற்கடை அளவு எழும்ப வேண்டும். ஆண்டுதோறும் அஃது இம்மியளவு இறுக, என் கையும் இம்மியளவு வலிந்து இழுக்கப் பழகிக்கொண்டது. ஆகவே யான் வேறுபாடு ஒன்றும் உணரவில்லை. வண்டியோட்டக் கற்றுக்கொண்ட என் மகளோ, "அப்பா, இந்தக் கைப்பிடி எனக்கு அசையவே மாட்டேன் என்கிறது" என்று அடிக்கடி கூறுவாள். "பலமாக இழு, அம்மா" என்பதே என் விடை. பிறகு யானே சென்று, ஒரே இழுப்பில் திறந்துகாட்டி, அதில் ஒரு சிறு பெருமையும் கொள்வேன். ஈராண்டுகள் இவ்வாறே கழிந்தன.

நிற்க. 2018-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் திருநெல்வேலியில் என் வலக்கண்ணில் புரை நீக்கினார்கள். குனியலாகாது, பளு தூக்கலாகாது, மூச்சடக்கி வலிந்து எதனையும் இழுக்கலாகாது என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பினார். மறுநாட் காலை என் மகள் வண்டியை ஓட்ட, கண்ணிற் கட்டுடன் அவள் அருகில் அமர்ந்து ஊர் திரும்பினேன். நாங்குனேரி, வள்ளியூர், பணகுடி எல்லாம் இடரின்றிக் கடந்தன. காவல்கிணற்றுக்கு அப்பால், முப்பந்தலை நெருங்குமிடத்தில் சாலைப்பணி நடந்துகொண்டிருந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. எமக்கு முன்னே ஒரு லாரி. அதன் மறைவில் எதிர்காற்றும் எம்மை எட்டவில்லை. வெப்பங்காட்டும் முள் மெல்ல மேலேறிச் சிவப்பைத் தொட்டது. முன்புறத்தில் ஆவி புறப்பட்டது.

மகள் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. இரு கைகளாலும் இழுத்தாள். 'படக்' என்று ஓர் ஓசை கேட்டது. கொண்டி விலகிய ஓசை அன்று, கைப்பிடியின் பிளாஸ்டிக் வெடித்த ஓசை. யான் என்னையும் மறந்து குனிந்து கைநீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பற்றித் தடுத்தாள். "வேண்டாம் அப்பா, கண்" என்றாள். சற்றுப் பொறுத்து, என்னைப் பாராமலே, "நான் எத்தனை தடவை சொன்னேன்" என்றாள். அவள் குரலில் சினம் இருந்திருப்பின் எளிதாகப் பொறுத்திருப்பேன், சினம் இல்லை. வெயிலில், ஆவி கக்கும் வண்டியில், ஒற்றைக் கண்ணுடன் அமர்ந்திருந்த எனக்கு மறுமொழி ஒன்றும் தோன்றவில்லை.

ஊர்ந்துகொண்டிருந்த லாரிகளுள் ஒன்றின் ஓட்டுநர் இறங்கி வந்தார். செய்தியைக் கேட்டதும், முன்பக்கம் சென்று பானெட்டின் விளிம்பில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றினார். "தங்கச்சி, நான் அமுக்குதேன், நீ மெதுவா இழு" என்றார். அவர் அமுக்க, இவள் வெடித்த கைப்பிடியின் அடிப்பகுதியைப் பற்றி இழுக்க, கொண்டி விலகிவிட்டது! இதன் காரணம் எளிது. கீழிருந்து பானெட்டை உந்தும் வில்லும் ரப்பர்க் குமிழ்களும் கொண்டியை இறுகப் பிணித்துவைத்திருக்கும். மேலிருந்து அமுக்கினால் அப்பிணிப்புத் தளரும். இது யான் பாடஞ்சொல்லியிருக்க வேண்டிய செய்தி. லாரிக்காரர் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

முப்பந்தல் காற்றாலைகள் நிற்கும் இடம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆடிக்காற்று எவ்வாறு வீசும் என்பதை அவ்வழிச் சென்றோர் அறிவர். பானெட் எழும்பியதும் காற்று அதனைப் பிய்த்தெறிய முயன்றது. உள்ளிருந்த காவற்கொக்கி பிடித்துக்கொண்டது. அதனை ஓட்டுநர் ஒரு கையால் விலக்கி, மறு கையால் பானெட்டை இறுகப் பற்றியவாறே தூக்கினார். ரேடியேட்டர் விசிறிக்குச் செல்லும் மின்கம்பியின் இணைப்புக் கழன்று தொங்கிற்று, அதனைச் செருகினார். வெந்நீர் சீறி முகத்தில் அடிக்குமாகையால், எஞ்சின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவிடவில்லை. அரைமணி நேரத்தில் நீர் வார்த்துப் புறப்பட்டோம். அவருடைய பெயரைக் கேட்கத் தவறினோம்.

கண் ஆறியபின் பழுதுபார்க்கத் தொடங்கினேன். மெக்கானிக்குகள் கேபிள் என வழங்கும் இக்கம்பி, சுருளாகச் சுற்றிய எஃகு உறையினுள் ஓடும் முறுக்குக்கம்பியாகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எர்னஸ்ட் பௌடன் என்பவர் உரிமை பெற்ற அமைப்பு இது. மிதிவண்டிப் பிரேக்கிலும் இதனையே காண்கின்றோம். வளைந்து வளைந்து செல்லினும் இழுவையைக் கடத்துவதே இதன் சிறப்பு. ஆனால் ஒவ்வொரு வளைவும் தன் வரியை வாங்கிக்கொள்ளும். எம் வண்டியில் வளைவுகளைக் கூட்டினால் ஏறக்குறைய மூன்று செங்கோணங்கள் வந்தன. உராய்வுக்கெழு 0.1 ஆயின், கொண்டியில் வேண்டும் விசையைப்போல் 1.6 மடங்கு கைப்பிடியில் இழுத்தாற் போதும். எண்ணெய் வற்றித் துருவேறி அக்கெழு 0.3 ஆயின், 4.1 மடங்கு வேண்டும். உராய்வு மும்மடங்காயின் இழுவையும் மும்மடங்காகும் என்று எண்ணுவது பிழை. அது அடுக்கேறிப் பெருகும். ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய சூத்திரந்தான்!

முதலில் கம்பியைக் கொண்டியிலிருந்து கழற்றி, நோய் இரண்டனுள் எதனிடத்தது என்று ஆராய்ந்தேன். (கம்பி கழன்றிருக்கும்பொழுது மறந்தும் பானெட்டை மூடிவிடலாகாது, மூடினால் திறப்பதற்கு வழி தேடித் திண்டாட வேண்டிவரும்.) இரண்டுமே நோயுற்றிருந்தன. கொண்டியில் பழைய கிரீஸ் புழுதியோடு கலந்து அரக்குப்போல் உறைந்திருந்தது. மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு ஒருமணி நேரம் தேய்த்தபின்னரே கொண்டியின் நகம் தானாகத் திரும்பி வந்தது. புதுக் கிரீஸ் தடவினேன். கம்பியோ முகவிளக்கின் பின்னே கூர்மையாக மடங்கிக் கிடந்தது. எப்பொழுதோ விளக்கைச் சீர்செய்தவர் அதனைக் கவ்வியில் மாட்டாமல் இடுக்கில் திணித்துவிட்டார் போலும். அம்மடிப்பில் உறை நசுங்கி, உட்கம்பியின் இழைகள் இரண்டு அறுந்திருந்தன. இழை அறுந்த கம்பிக்கு எண்ணெய் வார்த்துப் பயனில்லை. புதியதொன்று வாங்கினேன். மாட்டுமுன் அதனைச் சாளரக்கம்பியில் நெடுக்காகத் தொங்கவிட்டு, மேல்முனையில் காகிதக் கூம்பு ஒன்றைக் கட்டி, அதில் தையல் இயந்திர எண்ணெயை ஊற்றிவைத்தேன். காலையில் கீழ்முனையில் ஒரு துளி நின்றது. வளைவுகளை அகலமாக விட்டு, கவ்விகளில் ஒழுங்காக மாட்டி, உடைந்த கைப்பிடியையும் மாற்றினேன். மிகையாக உயர்ந்திருந்த ரப்பர்க் குமிழ்களை ஒரு சுற்றுத் தாழ்த்தினேன்.

பிறகு மகளை அழைத்தேன். யான் முன்னதாக இழுத்துப் பார்க்கவில்லை. என் கைக்கு அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி போய்விட்டது. அவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஐயத்துடன் இரு விரல்களை மட்டும் கைப்பிடியில் வைத்தாள். 'டக்'கென்று பானெட் எழும்பியது. ஒன்றும் பேசாமல் இறங்கி வந்து, காவற்கொக்கியை விலக்கி, தாங்குகோலை நிறுத்தி, ரேடியேட்டர் நீரைப் பார்த்தாள். விசிறியின் இணைப்பைத் தொட்டு அசைத்துப் பார்த்தாள். மூடினாள். மீண்டும் சென்று இழுத்துத் திறந்தாள். மூன்றுமுறை அவ்வாறு திறந்து மூடினாள்; யான் திண்ணையில் அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.