டயட்டீஷியன் ஆகணுமா?

இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்வி என்பதால் பொதுவில் எழுதிவிடுகிறேன். சத்துணவியலில் பி.எஸ்சி., எம்.எஸ்சி., பிறகு மருத்துவமனையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப், அதன்பின் இந்திய உணவியல் சங்கம் நடத்தும் ஆர்.டி. (ரெஜிஸ்டர்ட் டயட்டீஷியன்) தேர்வு. பலரும் போகும் வழி இதுதான். (ஆன்லைன் சான்றிதழை மாட்டிக்கொண்டு 'நியூட்ரிஷனிஸ்ட்' ஆகிறவர்கள் தனிக் கதை.)

அந்த ஆறு மாதம்தான் ஆளை உருவாக்கும். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றால் "ரெண்டு இட்லிம்மா" என்பார்கள். பொடிக்கு ஊற்றிய நல்லெண்ணெயும் பதினொரு மணி பஜ்ஜியும் மூன்றாவது கேள்வியில்தான் வெளியே வரும். டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு ஆசையாக இளநீர் வாங்கி வந்த மகனிடம், அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைக்கலாம் என்று மனம் நோகாமல் சொல்ல வேண்டும். மூக்குக் குழாய் வழியே எவ்வளவு, எத்தனை மணிக்கொருமுறை என்று கணக்குப் போட வேண்டும். உப்பில்லாச் சாப்பாடு சரியான கட்டிலுக்குத்தான் போகிறதா என்று சமையற்கட்டு வரை நடக்க வேண்டும்.

இவ்வளவு வேலைக்கும் பல இடங்களில் உதவித்தொகை கிடையாது. அதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவில் 2024 முதல் ஆர்.டி. தேர்வெழுதவே முதுநிலைப் பட்டம் கட்டாயம். அங்கே போக நினைப்பவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள். இங்கே இன்டர்ன்ஷிப்பில் சேருகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது: வார்டுக்குள் விடுவார்களா, இல்லை டயட் சார்ட் நகலெடுக்க மட்டும்தானா?