டமாஸ்கஸில் ஒரு சிற்றேடு

டமாஸ்கஸ் பழைய நகரில், உமையா பள்ளிவாசலிலிருந்து கொஞ்சதூரம் நடந்தால் ழாஹிரிய்யா. சுல்தான் பைபர்ஸின் கல்லறை உள்ள மதரஸா. 19ஆம் நூற்றாண்டில் நூலகமாயிற்று. ஏமன்காரர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ், நபித்தோழர் அபூ ஹுரைராவிடம் கேட்டு எழுதிய ஹதீஸ் தொகுப்பின் பிரதி ஒன்று இங்கிருந்தது, மற்றொன்று பெர்லினில். இரண்டையும் ஒப்பிட்டு 1953இல் டமாஸ்கஸிலேயே பதிப்பித்தவர் ஹைதராபாத்தில் பிறந்த முகமது ஹமீதுல்லா. 1948இல் அந்த சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் பாரிஸிலேயே தங்கிவிட்டவர்.

மொத்தம் 138 ஹதீஸ்கள்தான். ஆனால் நபிமொழிகள் இருநூறு ஆண்டுகள் வாய்வழியே மட்டும் உலவின என்போருக்கு இது சங்கடமான ஏடு. கிடைத்தவை பிற்காலப் படிகள்தானே என்ற சந்தேகம் நியாயமானது. எனினும் 9ஆம் நூற்றாண்டில் இப்னு ஹன்பல் தொகுத்த முஸ்னதில் இவை ஏறக்குறைய முழுமையாக உள்ளன. வாசகத்தில் பெரிய மாற்றமில்லை.

ஏட்டைத் தேடி ழாஹிரிய்யாவுக்குப் போனால் ஏமாற்றம்தான். சுவடிகளை 1980களிலேயே தேசிய நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.